கோயிலுக்குப் போடும் மாத்திரை

மாப்பிள்ளையூரணியில் பால்துரை அண்ணாச்சியின் மெடிக்கலில் பெண்களுக்கென்று இரண்டு விதமான மாத்திரை உண்டு. ஒன்று கோயிலுக்குப் போடுவது, இன்னொன்று வீட்டுக்குப் போடுவது. அவர் அப்படிப் பெயர் வைக்கவில்லை. நாங்கள்தான் வைத்திருக்கிறோம்.

கோயிலுக்குப் போடுவது என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. கோயில் கொடையோ, தசராவோ, புது வீடு பால்காய்ப்போ, எது வந்தாலும் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். மாமனார் கேட்கலாம், கொழுந்தன் கேட்கலாம். "எந்தக் கோயிலுக்கு?" என்று அண்ணாச்சி சிரித்த முகமாக விசாரிப்பார். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்க மாட்டார். அட்டையைக் கண்ணாடி மேஜை மேல் எல்லாரும் பார்க்க வைத்து, "நல்லாக் கும்பிட்டுட்டு வாங்க" என்று வழியனுப்புவார்.

வீட்டுக்குப் போடுவது என்றால் கர்ப்பத்தடை மாத்திரை. அதைக் கேட்டால் அண்ணாச்சியின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கடையில் வேறு ஆள் நின்றால் "செத்த நில்லும்மா" என்று ஓரமாக ஒதுக்கி விடுவார். எல்லாரும் போனபிறகு பழைய தினசரியில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, கவரின் வாயை முடிச்சுப் போட்டு நீட்டுவார். "வீட்டுக்காரருக்குத் தெரியும்லா?" என்று ஒருமுறை கேட்டார். "அவருக்குத் தெரியாம நான் யாருக்காகப் போடுதேன் அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

இரண்டையும் விழுங்குவது நான்தான். ஒன்றை விழுங்கினால் பக்தி, இன்னொன்றை விழுங்கினால் வெட்கக்கேடு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பொன்செல்வி. துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் எடைமேடை பார்க்கிறேன். லாரி மேடையேறினால் எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் செந்தூர்வேல் டிரைலர் ஓட்டுகிறார். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கண் விழித்தபோது பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனியொரு பிள்ளை உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரையும் மாமியார் சங்கரம்மாளையும் எதிரே நிறுத்தி வைத்துச் சொன்னார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

தலையை ஆட்டியதோடு சரி. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தபோது மாமியார், "ரெண்டும் பொட்டப்பிள்ளையாப் போச்சு, இப்பமே என்னத்துக்கு அவசரம், ஒடம்பு தேறட்டும்" என்றாள். என் உடம்புக்காகப் பேசுகிறாளாம். காப்பர் டி வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒத்துக்கொள்ளாமல் ரத்தப்போக்கு அதிகமாகி எடுத்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது மாத்திரைதான். மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் போடுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், யார்டில் மூச்சுவிட நேரமில்லை என்றாலும் மாத்திரை மட்டும் தவறியதில்லை. எனக்கு அது சாப்பாட்டைவிட முக்கியம்.

இந்த வருடம் ஆடியில் என் மாமியார் ஊரில் முப்பிடாதி அம்மன் கொடை வந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். மூத்த மருமகள் முளைப்பாரி எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். நான்தான் மூத்த மருமகள். மாமியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். கொடையன்று எனக்கு விலக்கு வந்துவிடும் என்று கண்டுபிடித்தாள். என் தேதி எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏலே வேலு, பால்துரை கடையில போயி தள்ளிப்போற மாத்திர வாங்கிட்டு வா" என்று மகனிடம் சொன்னாள். என்னிடம் கேட்கவே இல்லை. மழை வருகிறது, கொடியில் கிடக்கிற துணியை எடு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏங்க" என்று நான்தான் வாசல்வரை பின்னாலேயே போனேன். "நான் ஏற்கெனவே வேற மாத்திர போட்டுக்கிட்டு இருக்கேன்லா. ரெண்டையும் சேத்துப் போடலாமா, என்ன செய்யணும்னு அண்ணாச்சிட்ட தெளிவாக் கேட்டுட்டு வாங்க. மறந்துராதீங்க."

"கேக்கேன், கேக்கேன்" என்று போனார்.

திரும்பி வந்து விவரம் சொன்னார். "ரெண்டும் ஒண்ணாப் போடக்கூடாதாம். சூடாம். நீ போடுதத இன்னைக்கோட நிப்பாட்டிரணுமாம். தேதிக்கு மூணு நாளைக்கு முந்தி இதத் தொடங்கணுமாம்."

"அப்போ நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் வேண்டாமாம்."

"ஒண்ணும் ஆயிராதா?"

"அண்ணாச்சிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? எத்தன வருசமா மெடிக்கல் வச்சிருக்காரு."

பாதி அட்டையில் நிறுத்தினேன். மருந்துக்கடைக்காரர் சொன்னதாயிற்றே என்று நம்பினேன். அந்த நடுநாட்களில் டிரைலர் எஃப்.சி. வேலைக்காக ஒர்க் ஷாப்பில் நின்றது. எப்போதும் ஓசூர், பெங்களூரு என்று ஓடுகிற மனிதர் வீட்டோடு கிடந்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொடை நன்றாகத்தான் நடந்தது. முளைப்பாரி என் தலையில் முழ உயரம் வளர்ந்த பயிராக ஆடியது. கும்மியடிக்கிற இடத்தில் மாமியார், "எம் மருமவ அம்மனுக்காக மாத்திர போட்டுல்லா நிறுத்தியிருக்கா" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். ஆண்கள் பக்கத்திலும் சொன்னாள். மேளக்காரரிடம் சொல்லாததுதான் பாக்கி. எல்லாரும் என்னை மெச்சினார்கள். மூன்று வருடம் என் உயிரைக் காத்த மாத்திரையை மெச்ச ஒருத்தர் இல்லை, இந்த மாத்திரைக்கு இத்தனை மெச்சல்.

கொடை முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசம் குமட்டியது. அப்படியே அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் இரண்டும் கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவளுக்கு இன்னும் சோறு ஊட்டிவிட வேண்டும். நான் இல்லாமல் போனால் இவளுக்கு யார் ஊட்டுவார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது.

மாமியார் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். குமட்டியதையும் பார்த்துவிட்டாள்.

"என்னளா, இன்னும் குளிக்கலியோ?" விலக்கு வந்ததா என்பதை எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள்.

"இல்ல அத்தே."

அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "முளப்பாரி எடுத்தவளுக்கு முப்பிடாதி கொடுப்பான்னு சும்மாவா சொல்லுதாங்க. இந்தத் தடவ ஆம்பளப் பிள்ளதான்" என்றாள். ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள். மூன்று வருடத்தில் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"டாக்டர் சொன்னது ஞாவகம் இருக்கா அத்தே?"

"டாக்டரு சொல்லுவாவ. அம்மன் பாத்துக்கிடுவா."

சின்னவளுக்குச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் குழம்புச் சட்டி உடைந்திருக்கும்.

மறுநாள் யார்டில் என் முகத்தைப் பார்த்ததுமே ரீனா கண்டுபிடித்துவிட்டாள். ரீனா எனக்கு அடுத்த மேஜையில் கேட் பாஸ் போடுகிறவள். கடற்கரைத் தெருக்காரி, புருஷன் கப்பலில் இருக்கிறான். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவள் வீட்டில் கர்ப்பத்தடை மாத்திரை என்றால் பாவம். புருஷன் லீவில் வரும்போதெல்லாம் மாமியார் கண்ணில் படாமல் அட்டையை ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொண்டு இங்கேயே போடுவாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். வெளியே உப்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"நல்ல கூத்துளா" என்றாள் ரீனா. "எங்க வீட்ல எதையும் போடக்கூடாதுங்காங்க, ஒங்க வீட்ல எதையும் போடுங்காங்க. மொத்தத்துல நம்ம வாயி நம்மளுது இல்ல." சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஏளா, வெளயாட்டில்ல. இப்பமே கெளம்பி டாக்டரப் பாரு. லாரிய நான் பாத்துக்கிடுதேன். சூப்பர்வைசர் கேட்டா வயித்துவலின்னு சொல்லுதேன்."

அரசு சுகாதார நிலையத்தில் சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. மூச்சு விட்டேன். ஆனால் அவர் உடனே, "இன்னும் நாள் போதாதும்மா, இதை வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் மறுபடி வாங்க" என்றார். விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் நெற்றி சுருங்கியது.

"பாதியில நிறுத்தச் சொன்னது யாரு?"

"மெடிக்கல்ல சொன்னாங்களாம்."

"நிறுத்தவே வேண்டியதில்லையே. உங்க அட்டையில வெள்ளை மாத்திரை, பழுப்பு மாத்திரைன்னு இருக்குல்ல? பழுப்பு வெறும் சத்து மாத்திரை. அதைப் போடற வாரத்துலதான் விலக்கு வரும். அதை விட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளையை நேரா தொடர்ந்திருந்தா, கொடையும் முடிஞ்சிருக்கும், நீங்களும் பயமில்லாம இருந்திருப்பீங்க. தனியா ஒரு மாத்திரையே தேவையில்லை."

தேவையே இல்லையாம். கையில் இருந்த அட்டையே போதுமாம்.

"நடுவுல விட்ட நாள்லதான் சிக்கல். வாய்ப்பு குறைவுதான். ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. ஆம்பளைங்களுக்குச் செய்யற ஆபரேஷன் சின்னது, தையல்கூடக் கிடையாது. அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். நாங்களும் சொல்லிக்கிட்டுதான் இருக்கோம், ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க" என்றார்.

ஆட்டோவை நேராகப் பால்துரை அண்ணாச்சி கடைக்கு விடச் சொன்னேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். இருக்கட்டும், நல்லதுதான் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, கர்ப்பத்தட மாத்திரையப் பாதியில நிப்பாட்டச் சொன்னீங்களாமே, அது எந்தப் படிப்புல இருக்கு?"

அண்ணாச்சி கையிலிருந்த இருமல் மருந்தைக் கீழே போடப் பார்த்தார். "மெதுவாம்மா, மெதுவா. யாரு சொன்னா?"

"நீங்கதான். எங்க வீட்டுக்காரர்ட்ட."

"ஐயோ தாயீ, சத்தியமா இல்ல. வேலு வந்தாப்ல. கோயிலுக்கு மாத்திர வேணும்னாப்ல. தேதிக்கு மூணு நாளு முந்தி தொடங்கச் சொல்லுன்னேன். அம்புட்டுத்தான் பேச்சு. நீ வேற மாத்திர போடுதேன்னு அவரு வாயத் தொறந்து சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா டாக்டரக் கேளுன்னு சொல்லியிருப்பேன்லா."

அண்ணாச்சி பொய் சொல்கிற ஆள் இல்லை. வெட்கப்படுகிற ஆள்தான். கடையில் நின்றவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன். கோபத்தில் செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியவில்லை, வீட்டுப் படியேறும்போதுதான் பார்த்தேன்.

அவர் வீட்டில்தான் இருந்தார். மறுநாள் எட்டாம் கொடை. கொடை முடிந்த எட்டாம் நாள் அம்மனுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காக லோடு எடுக்காமல் நின்றிருந்தார்.

"அண்ணாச்சிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன்.

"என்னைக்கு?"

"மாத்திர வாங்கப் போன அன்னைக்கு. நான் கேக்கச் சொன்னதக் கேட்டீங்களா, கேக்கலியா?"

என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "கடையில ஆளுக நின்னாங்க செல்வி. நம்ம டிரான்ஸ்போர்ட் நயினார் அண்ணன் வேற நின்னாரு. அவங்க முன்னாடி அத எப்பிடிக் கேக்கது?"

"எத?"

"அதான். அந்த மாத்திரய."

"பெறகு நிப்பாட்டச் சொன்னாருன்னு எங்கிட்டச் சொன்னீங்களே?"

"ரெண்டும் சேத்தா சூடுன்னு அம்மா சொன்னா. சரியாத்தான இருக்கும்னு நானாச் சொன்னேன். கேக்கலன்னு சொன்னா நீ ஏசுவேன்னு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. நான் கத்தவும் இல்லை. எனக்கே அது ஆச்சரியம். நாற்பதடி டிரைலரை மலைப்பாதையில் பின்னால் எடுக்கிறவர். செக்போஸ்டில் போலீஸ்காரனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறவர். இந்த மனிதருக்கு ஒரு மாத்திரையின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்காக என் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். வைத்தது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் அதைவிட மோசம்.

"நான் செத்திருந்தா நயினார் அண்ணன் வந்து பிள்ளைகள வளப்பாரா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எட்டாம் கொடைக்குப் போனேன். பேசாமல் வீட்டில் கிடந்திருக்கலாம். ஆனால் நான் வராவிட்டால் மாமியார் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லுவாள். தவிரவும் அம்மனிடம் நேராக நின்று நாலு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது.

போனபிறகுதான் தெரிந்தது, ஊருக்கு ஏற்கெனவே செய்தி போய்விட்டது. நான் பொங்கல் பானையைத் தூக்கப் போனால், "தூக்காத, தூக்காத" என்று இரண்டு பெண்கள் ஓடி வந்து பிடுங்கினார்கள். உட்கார்ந்தால் முதுகுக்குத் தலையணை வந்தது. இன்பமணி என்று ஒரு பெரியம்மா திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் சேலையை விலக்கி அடிவயிற்றிலும் ஒரு இழுப்பு இழுத்தாள். "சிங்கக்குட்டி" என்றாள். மாமியார் வாயெல்லாம் பல்லாக நின்றாள். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் வேப்பமரத்தடியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

தீபாராதனைக்கு மணி அடித்தது. நான் கை கூப்பினேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். உனக்காகத்தானே தாயே போட்டேன், எனக்கு ஏன் இந்தத் தண்டனை, என் பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கவா உனக்கு முளைப்பாரி சுமந்தேன் என்று மனதுக்குள் கேட்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் சுள்ளென்று ஒரு வலி இழுத்தது. பழகின வலி. இடுப்புக்குப் பரவி, தொடைக்கு இறங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் கட்டியிருக்கிற கழிப்பறைக்கு ஓடினேன். கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். வந்திருந்தது. நன்றாகவே வந்திருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் சலித்துக்கொண்டு பார்த்த அதே ரத்தம்தான். அன்றைக்கு அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். நான் இருக்கிறேன், இருக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கோயில் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. மேளம் நின்றிருந்தது, எல்லாரும் திருநீற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே!" என்று கூப்பிட்டேன். கூட்டம் முழுக்கத் திரும்பியது. "நான் குளிச்சிட்டேன். இப்பத்தான் வந்துச்சு. பிள்ளையும் இல்ல, சிங்கக்குட்டியும் இல்ல. எல்லாருக்கும் நீங்களே சொல்லிருங்க."

மாமியார் முகம் வெளுத்துப்போனது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடப்பாவி, சத்தம் போடாதளா, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு! ஆம்பளைக இருக்காவ!"

"கொடைக்கு மாத்திர போட்டத அத்தன பேருக்கும் சொன்னீங்களே அத்தே, அப்பமும் ஆம்பளைக இருந்தாங்க."

இன்பமணிப் பெரியம்மா என் வயிற்றைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி வாளியில் தண்ணீர் எடுக்க ஓடினாள், வாசலைக் கழுவ. கழுவட்டும். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு நானே ஒரு வாளி எடுத்துக் கொடுத்திருப்பேன்.

வேப்பமரத்தடியிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். பக்கத்தில் வந்து குனிந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா செல்வி, இத்தன பேரு பாக்காங்க" என்றார்.

அதுவரை சந்தோஷமாக இருந்த எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இன்னும் அதே பயம்தான் இந்த மனிதருக்கு. நான் பிழைத்தது இரண்டாவது, பார்க்கிறவர்கள் முதலாவது.

"எனக்கு நாப்கின் பேடு வேணும்" என்றேன். "அந்தா பெட்டிக்கட இருக்கு. நீங்க போயி வாங்கிட்டு வாங்க. பேரச் சொல்லிக் கேளுங்க. பேப்பர்ல சுத்த வேண்டாம்னும் சொல்லுங்க."

"நானா? அம்மாவ அனுப்புவமே."

"நீங்கதான். இன்னைக்கு இதக் கேட்டுப் பழகுங்க. வார திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒங்க ஆபரேசனுக்கு. அங்கயும் நீங்கதான் வாயத் தொறந்து கேக்கணும். இனிமே எந்த மாத்திரயும் எந்தொண்டைக்குள்ள எறங்காது. கோயிலுக்கும் எறங்காது, வீட்டுக்கும் எறங்காது."

அவர் என்னைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக ரோட்டைத் தாண்டினார். பெட்டிக்கடையில் மூன்று ஆண்கள் நின்று கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்த் தொங்குகிற வாழைப்பழத் தாரைப் பார்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். கடைக்காரர் "என்ன வேணும்ணே?" என்றார். இவர் மற்றவர்களைக் கையைக் காட்டினார், அவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்பதுபோல. ஒருவர் போனார். இன்னும் இரண்டு பேர் பாட்டிலில் பாதி வைத்திருந்தார்கள். அவர்களும் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குக் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கோயில் வாசலிலேயே நின்றபடி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஏங்க! ஆளுக நிக்கும்போதே கேளுங்க!"